பாட்டிலில் அடைத்த திராட்சை ஜூஸ்: எதைக் குடிக்கலாம், எதைக் கொட்டலாம்

என் சமையலறையில் மேல் அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் நாவற்பழ நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. இரண்டு முறை பெயிண்ட் அடித்தாயிற்று, இன்னும் லேசாகத் தெரிகிறது. முதன்முதலாகத் திராட்சை ஜூஸ் போட்டு பாட்டிலில் அடைத்த வருஷத்து நினைவு அது. தேனி மாவட்டத்துக் கூடலூர் பக்கமிருந்து அண்ணன் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டுவந்தார், 10 கிலோ. எட்டு பாட்டில் தேறியது. நான்காம் நாள் ராத்திரி 2 மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் ஒரு மூடி ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடக்கிறது, ஜூஸ் சுவரில்.

அதன்பிறகு வருஷா வருஷம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை ஏறக்குறைய வருஷம் முழுக்க அறுவடை ஆகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விலை இறங்கும் வாரத்தில் ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் மாதக்கணக்கில் கவலை இல்லை. ஆனால் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு சந்தேகம் வருகிறது: அடியில் என்னவோ கிடக்கிறது, மேலே என்னவோ மிதக்கிறது, கசக்கிறது, நிறம் மாறிவிட்டது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் குடித்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லாததைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கீழே எது பிசகியது என்று பார்க்க இதுதான் அளவுகோல்.

காம்பு நீக்கிக் கழுவிய பழத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, பருப்பு மத்தால் லேசாக மசிக்க வேண்டும். பழம் மூழ்குகிற அளவு கொதிநீர் ஊற்றி, தோல் நிறம் விட்டு மெத்தென்று ஆகும்வரை சிம்மில் வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை ஆடாமல் அசையாமல் வைத்துவிட வேண்டும். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றி, சர்க்கரை சேர்த்துக் கொதிநிலை வரை சூடாக்கி, 10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்த சூடான கண்ணாடி ஜாடியில் கால் அங்குலம் இடம் விட்டு ஊற்றி மூட வேண்டும். கடைசியாக அந்த ஜாடிகளைப் பெரிய அண்டாவில், மூடிக்கு மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்துக் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். ஒரு லிட்டர் வரையான ஜாடிக்கு மதுரை, சென்னை மாதிரி சமவெளி ஊர்களில் 5 நிமிடம் போதும். 1000 அடிக்கு மேலே இருக்கும் ஊர் என்றால் 10 நிமிடம். பெங்களூருவும் ஏற்காடும் இந்தக் கணக்கில் வரும். ஊட்டி, கொடைக்கானல் 6000 அடியைத் தாண்டியவை, அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். அதனால் 15 நிமிடம்.

ஒரு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 600 மில்லி கிடைக்கும். அவ்வளவுதான் முறை.

திறப்பதற்கு முன்னால்

எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் பாட்டிலைக் குலுக்காதீர்கள். முதலில் மூடியைப் பாருங்கள். நடுவில் உள்வாங்கிக் குழிந்திருந்தால் நல்லது. சமமாக இருந்தால் சந்தேகம். உப்பியிருந்தால் வேறு பேச்சே வேண்டாம், கொட்டத்தான் வேண்டும். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து மேலே நூல் பிடித்த மாதிரி குமிழிகள் ஏறுகின்றனவா, மேற்பரப்பில் ஆடை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் திறக்கும்போது காதைக் கொடுங்கள். நல்ல ஜாடி 'டக்' என்று காற்றை உள்ளே இழுக்கும். கெட்ட ஜாடி 'புஸ்' என்று வெளியே விடும். இந்த ஒரு சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளக்கிறது

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திக்கு நான்கு பாட்டில் கொடுத்துவிட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போன்.

"ஏம்மா, பாட்டில் உள்ளுக்குள்ள ஒடஞ்சிருக்கும் போல. அடியில பூரா கண்ணாடிச் சில்லு. பிள்ளைக்குக் குடுக்கப் பாத்தேன், நல்ல வேளை."

"கொட்டிட்டீங்களா சித்தி?"

"மூணு பாட்டிலக் கொட்டிட்டேன். ஒண்ணு உனக்குக் காட்டலாம்னு வச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். பாட்டிலைச் சாய்த்தால் அடியில் கல் உப்பைவிடச் சிறிய, பட்டை பட்டையான பரல்கள் சரசரவென்று நகர்ந்தன. வெளிச்சத்தில் மின்னின. ஆனால் கண்ணாடி மாதிரி நிறமற்று இல்லை, செந்நீலமாக இருந்தன. ஒரு டம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி அரைக் கரண்டி பரலைப் போட்டுக் கலக்கினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றும் இல்லை, கரைந்தே போய்விட்டது. கண்ணாடி கரையாதே. சித்தி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டிய மூன்று பாட்டிலை நினைத்திருப்பார்கள்.

திராட்சையின் புளிப்பு பெரும்பாலும் டார்டாரிக் அமிலத்தால் வருவது. பழத்தில் பொட்டாசியமும் நிறைய. இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்ற உப்பு ஆகிறது. கேக் செய்கிறவர்கள் கடையில் டப்பாவில் வாங்கும் கிரீம் ஆஃப் டார்டார் இதேதான். கொதிநீர் 100 மில்லியில் இந்த உப்பு 6 கிராம் வரை கரையும். சாதாரண அறைச் சூட்டில் அரை கிராம்தான். சூடாக இருக்கும்போது சாற்றுக்குள் ஒளிந்திருந்தது, ஆறியதும் இடமில்லாமல் பரலாக வெளியே வந்துவிடுகிறது. போகும்போது கொஞ்சம் சிவப்புச் சாயத்தையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்த நிறம். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. மேலாக ஊற்றிக் குடித்துவிட்டு அடியில் இருப்பதை விட்டுவிடலாம்.

பாட்டிலில் இது வராமல் இருக்கத்தான் ஃப்ரிட்ஜில் அந்த ஒரு நாள், இரண்டு நாள். வரவேண்டிய பரல் அங்கேயே வந்து பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடைச் சாற்றுக்கு ஆசைப்படக் கூடாது. அதை ஆசைப்பட்டு ஊற்றினால் எல்லாப் பரலும் கூடவே வரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பரலாகப் பிரிந்தது புளிப்புதானே? மறுநாள் சாறு முதல் நாளைவிடப் புளிப்புக் குறைவாக இருக்கும். வடிகட்டிய சூட்டோடு ருசி பார்த்துச் சர்க்கரை போட்டால் கட்டாயம் அதிகமாகப் போட்டுவிடுவீர்கள். ஜூஸ் திகட்டுகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே சர்க்கரை போட்டவர்களாக இருப்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொதிக்க வைக்கும்போது அண்டாவில் ஏதாவது ஒரு ஜாடி விரிசல் விட்டிருந்தால், அந்தத் தடவை போட்டதைப் பரல் சோதனையை நம்பிக் குடிக்க வேண்டாம். வாய் ஓரத்தைத் தடவிப் பார்த்து, சில்லு பெயர்ந்திருந்தால் அந்த ஜாடியை அப்படியே தூக்கிப் போடுங்கள்.

நுரைக்கிறது, மூடி உப்பியிருக்கிறது, கள் வாசனை

என் சுவர்க் கறை இந்த வகை. திராட்சைத் தோலில் ஈஸ்ட் இயற்கையாகவே குடியிருக்கிறது. சர்க்கரை கிடைத்தால் அதைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதுதான் அதன் வேலை. திறந்த பாத்திரம் என்றால் வாயு வெளியேறிவிடும். இறுக மூடிய பாட்டிலுக்குள் போவதற்கு வழி ஏது? மூடி பறக்கும், அல்லது கண்ணாடி வெடிக்கும்.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து வைன்லாந்து ஊரில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்பவர், தன் தேவாலயத்தில் திருவிருந்துக்குப் போதை இல்லாத திராட்சை ரசம் வேண்டும் என்று, 1869இல் கான்கார்ட் திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுத்தார். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் வைனுக்குச் செய்த சூடுவைத்தியம்தான். ஈஸ்ட் செத்தது, சாறு சாறாகவே நின்றது. நம் ஊரிலோ இதே பன்னீர் திராட்சையை வைத்துக் கிறிஸ்துமஸுக்கு வீட்டு வைன் போடுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு ஈஸ்ட் வேண்டும், நமக்கு வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சூடுபடுத்தியும் ஏன் பொங்குகிறது? நான் செய்த தப்பு இது: சாறு வடிய நேரமானது. வடிந்த பாத்திரத்தில் கை வைத்தால் சுடவில்லை, வெதுவெதுப்புத்தான். 'முன்னாடியே கொதிச்சதுதானே' என்று அப்படியே ஊற்றி மூடிவிட்டேன். அண்டாவில் வைத்து எடுக்கவும் இல்லை. துணியிலிருந்தும் கரண்டியிலிருந்தும் என் கையிலிருந்தும் போன ஈஸ்டுக்கு அந்தச் சூடு தாலாட்டு மாதிரி.

உங்களுக்கு இப்படி நடந்தால் மூன்று இடத்தில் தேடுங்கள். ஊற்றும்போது சாறு ஆறியிருந்ததா? அண்டாத் தண்ணீர் மூடிக்கு மேலே நின்றதா, இல்லை கழுத்துவரைதானா? கழுத்துவரை மட்டும் நின்றால் மூடியின் உள்பக்கம் வேகாது. தண்ணீர் கொதிக்கும் முன்பே நேரத்தை எண்ண ஆரம்பித்தீர்களா? இந்த மூன்றும் சரி என்றால் மூடிதான் கசிகிறது.

சூடாக ஊற்றி மூடி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும், கொதிநீர் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். பத்தில் எட்டு நன்றாக இருக்கலாம். மிச்ச இரண்டு எது என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் நான் செய்வதில்லை.

நுரைத்த ஜூஸை என்ன செய்வது? கொட்டுங்கள். மறுபடி கொதிக்க வைத்து மீட்கப் பார்க்காதீர்கள், 'வைனா மாத்திடலாமே' என்றும் யோசிக்காதீர்கள். உள்ளே ஈஸ்ட் மட்டும்தான் வளர்ந்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்? உப்பிய பாட்டிலை வெளியே எடுத்துப் போய், கனமான ஈரத்துண்டைச் சுற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு மெல்லத் திறந்து, வாயுவைப் போகவிட்டுக் கொட்டுங்கள். அதே தடவை போட்ட மற்ற பாட்டில்களையும் அன்றே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டம்ளரில் ஊற்றும்போது மேலே வரும் நுரை இதில் சேராது. அது ஊற்றிய வேகத்தில் வருவது, அரை நிமிடத்தில் அடங்கிவிடும்.

மூடி உள்வாங்கவே இல்லை

ஜாடியை எடுத்து வைத்து 12 மணி நேரம் கழித்து மூடியின் நடுவை விரலால் அழுத்துங்கள். 'டிக் டிக்' என்று மேலும் கீழும் ஆடினால் பிடிக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் ஒன்றும் கெடவில்லை: சாற்றை மறுபடி சூடாக்கி, வாயைத் துடைத்து, புது மூடி போட்டு, அண்டாவில் முதலிலிருந்து வைக்கலாம். சோம்பலாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் குடித்துத் தீர்த்துவிடுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்வேன். மறுபடி சூடேற்றினால் வாசனை போய்விடும்.

பெரும்பாலும் காரணம் பழைய மூடி. ஜாம் ஜாடியின் மூடிக்குள் ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கிறதே, அது ஒரு தடவை அழுந்துவதற்கென்று செய்தது. பள்ளம் விழுந்த வளையம் மறுபடி சரியாகப் பிடிப்பதில்லை. ஜாடியைத் திருப்பிப் பயன்படுத்தலாம், மூடியைப் புதிதாக வாங்குங்கள். பாட்டில் மொத்த வியாபாரக் கடைகளில் சில ரூபாய்தான். அடுத்த காரணம், ஜாடி வாயில் ஒட்டிய ஒரு சொட்டுச் சர்க்கரைச் சாறு. வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒரு துடைப்பு போதும். வழிய வழிய ஊற்றினாலும் பிடிக்காது.

சோடா பாட்டிலுக்குப் போடும் கிரவுன் மூடியைக் கையால் அழுத்தும் கருவி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த மூடி உள்வாங்கிக் காட்டாது. ஆறியதும் பாட்டிலைப் படுக்க வைத்துக் கீழே காகிதம் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள், கசிந்தால் கறை காட்டிக்கொடுக்கும். அந்தக் குறுகிய கழுத்துப் பாட்டிலுக்குக் கால் அங்குலம் பத்தாது, ஒரு விரற்கடை இடம் விட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம். குளிர்பானம் வரும் பாட்டில் கொதிக்கும் சாற்றில் சுருங்கிக் கோணிப்போகும்.

மேலே பஞ்சு மாதிரி, ஆடை மாதிரி மிதக்கிறது

பூஞ்சை. கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறுகாயிலிருந்து வந்தது. ஜூஸுக்கு அது ஒத்துவராது. திரவத்துக்குள் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது, சில பூஞ்சைகள் விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. முழுப் பாட்டிலும் கொட்டத்தான் வேண்டும். சூட்டைத் தாங்கும் பூஞ்சை வித்துகளும் உண்டு. அழுகிய பழமும் மண்ணும் போனால் அவையும் கூடவே போகும். அதனால் உடைந்த, ஈரம் கசிந்த பழங்களைப் பொறுக்கித் தள்ளுங்கள். 'ஜூஸுக்குத்தானே' என்று கடைசிக் கூடைப் பழத்தை வாங்காதீர்கள்.

பழத்தின்மேல் உள்ள வெள்ளைப் படலம் பூஞ்சை இல்லை, மருந்தும் இல்லை. அது பழத்தின் சொந்த மெழுகு. நீலம் பாய்ந்த திட்டு இருந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த போர்டோ கலவையின் மிச்சம். அதை ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கசக்கிறது, நாக்கு இழுக்கிறது

"மிக்ஸியில் அடித்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பன்னீர் திராட்சைக்குக் கொட்டை உண்டு. ஒரு பழத்தை நகத்தால் கீறிப் பிதுக்கிப் பாருங்கள். இளம்பச்சையாகக் கண்ணாடி மாதிரி சதை, நடுவில் இரண்டு மூன்று கொட்டை, கையில் மிஞ்சும் தோல் மட்டும் கருநீலம். இனிப்பு சதையில், நிறம் தோலில், கசப்பும் துவர்ப்பும் கொட்டையில். மிக்ஸி பிளேடு கொட்டையை ஒரு சுற்று உடைத்தாலும் அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எல்லாம் சாற்றில் இறங்கிவிடும். பருப்பு மத்து அதைச் செய்யாது. தோல் கிழியும், கொட்டை முழுசாக நிற்கும். மிக்ஸிதான் வேண்டும் என்றால் பிளேடை விட்டுவிட்டுக் கையால் பிசையுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

மிக்ஸி போடவில்லை, ஆனாலும் துவர்க்கிறது என்றால் துணியை முறுக்கிப் பிழிந்திருப்பீர்கள். கடைசி அரை டம்ளருக்காக முறுக்கும்போது வருவது பெரும்பாலும் துவர்ப்பும் சக்கையும்தான். துணியைத் தொங்கவிட்டு, தானாக வடிவதை மட்டும் எடுங்கள். காம்போடு வேகவைத்தாலும் பச்சைத் துவர்ப்பு ஏறும்.

செய்துவிட்ட ஜூஸுக்கு முழுத் தீர்வு கிடையாது. சர்க்கரை கசப்பைக் கொஞ்சம் மறைக்கும், துவர்ப்பை மறைக்காது. அடுத்த பெட்டி வரும்போது நல்ல சாற்றோடு பாதிக்குப் பாதி கலந்து குடித்துத் தீர்க்கலாம்.

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசனை போய் ஜாம் மாதிரி இருக்கிறது

கெட்டுப்போனதில் இது சேராது, குடிக்கலாம். ஆனாலும் எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளில் லினலூல், ஜெரானியால் என்ற வாசனைப் பொருள்கள் உண்டு. ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது, லினலூல் கொத்தமல்லி விதையில். 'பன்னீர்' என்று பெயர் வைத்தவருக்கு நல்ல மூக்கு. இந்த வாசனைகள் ஆவியாகிப் போகக்கூடியவை. சமையலறை முழுக்க கமகமவென்று மணக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், பாட்டிலில் இருக்க வேண்டியதுதான் அப்படிக் காற்றில் போகிறது.

வேகவைக்கும்போது சாறு கொதிக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 80 டிகிரி பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண்ணாலேயே பார்க்கலாம்: பாத்திர ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி கட்டும், ஆவி வரும், நடுவில் மட்டும் அசைவிருக்காது. அந்த நிலையில் மூடி போட்டு வையுங்கள். தோல் நிறம் விட்டதும் அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே ஊறவிட்டால், அரை மணி நேரக் கொதியில் கிடைக்கும் நிறம் கிடைத்துவிடும். இரண்டாவது சூட்டில் மட்டும் கொதி தொட்டவுடன் ஊற்றிவிட வேண்டும். அதற்கு ஜாடி, மூடி, புனல் எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஜாடியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் ஜூஸ் ஜாம் ஆகிறது.

குக்கரில் வைத்து விசில் விடுகிறவர்களும் உண்டு. தேவையே இல்லை. கொடிய பொட்டுலினம் கிருமி, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) வளராது, திராட்சைச் சாறு அதைவிட நன்றாகவே புளிப்பு. கொதிநீரே போதும். ஆனால் நிறத்துக்காகப் பீட்ரூட், சத்துக்காகக் கேரட் என்று சேர்த்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவை புளிப்பில்லாதவை. அப்படிக் கலந்ததை அன்றன்றே குடித்துவிடுங்கள், அடைத்து வைக்காதீர்கள்.

நிறம் பிசகிவிட்டது

பாத்திரம் கழுவும்போது கவனித்திருக்கிறீர்களா? திராட்சை ஜூஸ் ஒட்டிய டம்ளரில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவப்பு நீலமாகும், சில நேரம் பச்சைகூட ஆகும். தோலில் உள்ள ஆந்தோசயனின் சாயம் புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம். அதனால் பாட்டிலில் ஜூஸ் நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரிந்தால், பாட்டில் கழுவிய சோடா உப்பு சரியாக அலசப்படவில்லையா, உப்புத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தீர்களா என்று பாருங்கள். ஒரு டம்ளர் ஜூஸில் நான்கு சொட்டு எலுமிச்சை விடுங்கள். பளிச்சென்று சிவந்தால் இதுதான் காரணம். பழத்தை வேகவைக்க நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

எலுமிச்சைக்கும் மசியவில்லை என்றால் பாத்திரத்தைச் சந்தேகப்படுங்கள். இரும்பு, அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு எல்லாமே புளிப்போடு சேர்ந்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ புளிப்புச் சாற்றை வேகவைப்பது உடம்புக்கும் ஆகாது. அந்த ஜூஸைக் கொட்டுங்கள்.

மேலே மட்டும் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு ஏறியிருந்தால் ஜாடியில் காற்று அதிகம் விட்டிருக்கிறீர்கள். மூடி கெட்டியாக இருந்தால் குடிக்கலாம். முழுக்கப் பழுப்பு என்றால் வெளிச்சமும் வெப்பமும். ஜன்னலோர அலமாரியில் அழகுக்கு அடுக்கி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரேயடியாக வெளிறிவிட்டதா? ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் போடும் கேஎம்எஸ் (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) பொடி போட்டிருப்பீர்கள். அது எலுமிச்சை, மாங்காய்க்குச் சரி, சிவப்புச் சாயத்தை வெளுத்துவிடும். கொதிநீர் முறையில் செய்தால் எந்தப் பொடியும் தேவையில்லை. முதலிலிருந்தே வெளிறியிருந்தால் பழம் கனியவில்லை. திராட்சை பறித்த பிறகு பழுக்காது, வீட்டில் வைத்துக் காத்திருந்து பயனில்லை.

அண்டாவில் ஜாடி விரிசல் விட்டது

ஜாடியும் சாறும் தண்ணீரும் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் விரிசல் விடாது. குளிர்ந்த ஜாடியில் கொதிக்கும் சாறு, அல்லது சூடான ஜாடியை எடுத்து கிரானைட் மேடையில் வைப்பது, இரண்டும் வேண்டாம். அண்டாவின் அடியில் பழைய துண்டை மடித்துப் போடுங்கள், எடுத்த ஜாடியையும் துண்டின்மேலேயே வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

ஜாடியில் சாறு மட்டம் இறங்கியிருக்கிறது

அடுப்பை அணைத்த கையோடு ஜாடியை வெளியே இழுத்திருப்பீர்கள். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதால் சாறு பீறிட்டு வெளியே வரும். அணைத்து ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மூடி பிடித்திருந்தால் குறைந்த ஜாடியும் நல்ல ஜாடிதான். நிரப்புகிறேன் என்று திறக்காதீர்கள்.

கலங்கல், கொழகொழப்பு

சதை கொஞ்சம் வந்துவிட்டது, அதில் பெக்டின் என்ற கொழகொழப்புப் பொருள் இருக்கிறது. கெடுதல் ஒன்றும் இல்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுங்கள், துணியைப் பிழியாதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கலங்கல்தான் பிடிக்கும், அதனால் நான் இதற்கு மெனக்கெடுவதில்லை.

திறந்த பாட்டில் நான்கு நாளில் புளித்தது

மூடி 'டக்' என்ற நிமிடத்திலிருந்து அது சாதாரணப் பழச்சாறு. இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் வரும், பாட்டிலோடு வாய் வைத்துக் குடிக்கிறவர் வீட்டில் இருந்தால் அதுவும் வராது. நாங்கள் நான்கு பேர், அதனால் இப்போது லிட்டர் ஜாடியை விட்டுவிட்டு அரை லிட்டர் ஜாடிதான் போடுகிறேன். நேரம் அதே 5 நிமிடம்தான், மூடிதான் இரட்டிப்புச் செலவு.